கேலிக் கால்பந்து: முதன்முறையாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2025 ஜூலை 27 அன்று டப்ளின் நகரின் க்ரோக் பார்க் மைதானத்தில், அயர்லாந்தின் மரபு ஆட்டமான கேலிக் (Gaelic) கால்பந்தின் அகில அயர்லாந்து இறுதிப் போட்டியின் முதல் பாதி முடியவிருந்த நேரத்தில், கெர்ரி அணியினர் எந்த அவசரமும் காட்டாமல் பந்தைத் தங்களுக்குள்ளேயே கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். கடிகாரம் முடிவை நெருங்கியபோது பந்து டேவிட் கிளிஃபர்டிடம் வந்தது. கோலிலிருந்து நாற்பது மீட்டர் தொலைவில் வரையப்பட்டிருக்கும் வளைகோட்டுக்கு வெளியே நின்று அவர் உதைத்த பந்து குறுக்குச் சட்டத்துக்கு மேலே பறந்து சென்றது. வெள்ளை அங்கி அணிந்த அம்பயர் ஆரஞ்சு நிறக் கொடியை உயர்த்தினார். கெர்ரி 0-17, டொனகல் 0-10 என்ற நிலையில் அணிகள் ஓய்வறைக்குத் திரும்பின.

இந்தக் காட்சியை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு அடுக்கடுக்காகக் கேள்விகள் எழும். பதினேழுக்கு முன்னால் ஏன் ஒரு பூஜ்யம் நிற்கிறது, பந்து வலைக்குள் போகாமல் மேலே போனதற்கு ஏன் இவ்வளவு ஆரவாரம், அந்தக் கொடி ஏன் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது என்பவை அவற்றுள் சில. இக்கட்டுரை அந்தக் கேள்விகளிலிருந்து தொடங்கி, ஒரு முழு ஆட்டத்தைப் பொருள் புரிந்து பார்க்கும் இடம்வரை உங்களை அழைத்துச் செல்ல முயல்கிறது. 2025 பருவத்தில் விதிகள் பெரிய அளவில் மாறியதால், நாற்பது ஆண்டுகளாக ஆட்டம் பார்த்துவரும் அயர்லாந்துக்காரர்களும் பல விஷயங்களைப் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று. புதியவர் ஒருவர் உள்ளே வருவதற்கு இதைவிட நல்ல தருணம் அண்மையில் அமைந்ததில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1. முதலில் புள்ளிப் பலகையைப் படிக்கப் பழகுங்கள்

கோல் கம்பங்கள் ஆங்கில எழுத்து 'எச்' வடிவில் இருக்கும். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே வலைக்குள் பந்து போனால் அது கோல்; அதற்கு மூன்று புள்ளிகள். சட்டத்துக்கு மேலே, இரு கம்பங்களுக்கு நடுவே போனால் ஒரு புள்ளி. அதே பந்து நாற்பது மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து உதைக்கப்பட்டு மேலே போயிருந்தால் இரண்டு புள்ளிகள். கோலுக்குப் பச்சைக் கொடி, ஒரு புள்ளிக்கு வெள்ளைக் கொடி, இரண்டு புள்ளிகளுக்கு ஆரஞ்சுக் கொடி.

பலகையில் கோல்கள் முதலிலும் புள்ளிகள் அடுத்தும் எழுதப்படும். மேலே சொன்ன இறுதிப் போட்டி கெர்ரி 1-26, டொனகல் 0-19 என்று முடிந்தது. ஒரு கோலை மூன்றாகக் கணக்கிட்டு இருபத்தாறுடன் கூட்டினால் கெர்ரிக்கு 29, டொனகலுக்கு 19, ஆகவே வித்தியாசம் பத்து. இரண்டு புள்ளி உதைகள் தனியாகக் காட்டப்படுவதில்லை, இரண்டாவது எண்ணிலேயே சேர்ந்துவிடும். அந்த ஆட்டத்தில் கிளிஃபர்ட் எடுத்த ஒன்பது புள்ளிகளில் மூன்று உதைகள் இரண்டு புள்ளி மதிப்புடையவை. கூட்டலைத் தொடக்கத்தில் மனத்துக்குள் செய்வது சற்றுச் சிரமமாக இருக்கும், ஆனால் இரண்டு ஆட்டங்கள் பார்த்த பிறகு 1-11 என்று கேட்டவுடன் பதினான்கு என்று தானாகத் தோன்றும்.

2. பந்தைக் கையில் வைத்திருப்பவர் என்ன செய்யலாம்

ஒவ்வொரு அணியிலும் பதினைந்து பேர் ஆடுவார்கள். மைதானம் 130 முதல் 145 மீட்டர் நீளமும் 80 முதல் 90 மீட்டர் அகலமும் கொண்டது. நாம் அறிந்த கால்பந்து மைதானத்தைவிடக் கணிசமாகப் பெரியது. கவுண்டி (கெர்ரி, டொனகல் போன்ற, மாவட்டத்துக்கு ஒப்பான நிலப்பிரிவு) அணிகளின் மூத்தோர் ஆட்டம் முப்பத்தைந்து நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாக நடக்கும்.

பந்தைக் கையில் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிகளுக்கு மேல் ஓடக் கூடாது. நான்கு காலடிக்குள் பந்தைத் தரையில் ஒருமுறை தட்டிப் பிடிக்க வேண்டும், அல்லது பாத நுனியில் விட்டு மீண்டும் கைக்கு உதைத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது செயலுக்குச் சோலோ என்று பெயர். தொடர்ந்து இருமுறை தரையில் தட்டுவதற்கு அனுமதியில்லை, சோலோவை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். முழு வேகத்தில் ஓடும் வீரர் ஒருவர், துரத்தி வருபவரின் தோள் தன் தோளில் உரசும்போதும் தலையைக் குனியாமல் பாதத்திலிருந்து கைக்குப் பந்தை ஏற்றியிறக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பதே இந்த ஆட்டத்தின் தனி இன்பங்களில் ஒன்று.

கையால் பந்தை எறிவது தவறு. ஒரு கையில் ஏந்தி, மற்றக் கையாலோ முஷ்டியாலோ அடித்துத்தான் அனுப்ப வேண்டும். வாலிபாலில் கீழிருந்து சர்வீஸ் போடும் கையசைவை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். தரையில் கிடக்கும் பந்தை நேராகக் கையால் எடுக்கவும் கூடாது, பாத நுனியைக் கொடுத்துத் தூக்கிய பிறகே கையில் எடுக்க வேண்டும். மகளிர் ஆட்டத்தில் இந்தத் தடை இல்லை.

எதிரியை மறிப்பது குறித்த விதிதான் புதியவர்களை அதிகம் குழப்பும். தோளோடு தோள் மோதலாம், திறந்த கையால் பந்தைத் தட்டிவிடலாம், ஆனால் இழுக்கவோ பிடித்து நிறுத்தவோ கூடாது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள எல்லை மெல்லியது; நடுவருக்கு நடுவர் சற்று வேறுபடும். இதை முதல் நாளிலேயே முழுவதும் புரிந்துகொள்ள முயல வேண்டாம் என்பது என் ஆலோசனை. மஞ்சள் அட்டை எச்சரிக்கை, சிவப்பு அட்டை வெளியேற்றம், கறுப்பு அட்டை பத்து நிமிடம் வெளியே அமர வைப்பது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

3. அந்த வளைவு ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

2011 ஆகஸ்டில் டப்ளினும் டொனகலும் மோதிய அரையிறுதி 0-8, 0-6 என்று முடிந்தது. எழுபது நிமிடங்களில் இரு அணிகளும் சேர்ந்து எடுத்தவை பதினான்கே புள்ளிகள். ஜிம் மெக்கின்னஸ் பயிற்றுவித்த டொனகல் அணி ஏறக்குறைய எல்லா வீரர்களையும் தன் பாதிக்குள்ளேயே நிறுத்தி, எதிரணிக்கு உள்ளே நுழைய வழியே இல்லாமல் செய்திருந்தது. அதில் குற்றம் எதுவும் இல்லை; தன்னிடம் இருந்த வீரர்களைக் கொண்டு வெல்ல வழி தேடிய கூர்மையான சிந்தனை அது, மறு ஆண்டே அந்த அணி கோப்பையையும் வென்றது. ஆனால் அடுத்த பத்தாண்டுகளில் பெரும்பாலான அணிகள் அதே முறையைப் பின்பற்றியபோது, பந்தைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் கைமாற்றிக்கொண்டே நிமிடக்கணக்கில் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. கூட்டத்திலிருந்து எழும் பெருமூச்சு மைதானத்தின் மறுமுனைக்குக் கேட்கும் ஆட்டங்கள் பல இருந்தன.

இதை மாற்ற, டப்ளின் அணிக்குப் பயிற்சியாளராக ஆறு அகில அயர்லாந்துப் பட்டங்களை வென்று தந்த ஜிம் கவின் தலைமையில் 2024இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழு பல யோசனைகளை முன்வைத்தது. கோலுக்கு நான்கு புள்ளி கொடுத்தும் சோதித்துப் பார்த்துக் கைவிட்டது. 2025 பருவம் முழுவதும் சோதனையாக நடைமுறையில் இருந்த புதிய விதிகள், அவ்வாண்டு அக்டோபரில் கூடிய சிறப்பு மாநாட்டில் நிரந்தரமாக ஏற்கப்பட்டன.

அவற்றுள் கண்ணுக்கு உடனே தெரிவது நாற்பது மீட்டர் வளைவு. வெளியிலிருந்து உதைத்தால் இரண்டு புள்ளி என்றானவுடன், கோலுக்கு முன்னால் கூட்டமாக நின்று காப்பது ஆபத்தான செயலாக மாறிவிட்டது. நெடுந்தொலைவு உதைப்பவரை மறிக்க யாராவது முன்னேறி வரத்தான் வேண்டும்; அப்படி வந்தால் பின்னால் வெற்றிடம் உண்டாகும். கூடைப்பந்தில் மூன்று புள்ளிக் கோடு எந்த வேலையைச் செய்கிறதோ அதே வேலையை இந்த வளைவு செய்கிறது. ஒரே ஒரு விதிவிலக்கை நினைவில் வையுங்கள்: தற்காப்பு வீரர் பந்தைத் தன் இறுதிக்கோட்டுக்கு அப்பால் தட்டிவிடும்போது எதிரணிக்குக் கிடைக்கும் நாற்பத்தைந்து மீட்டர் உதைக்கு, அது வளைவுக்கு வெளியே இருந்தாலும், ஒரு புள்ளிதான்.

இன்னொரு விதி, எந்த நேரத்திலும் எதிரணியின் பாதியில் குறைந்தது மூன்று வீரர்களை நிறுத்தியிருக்க வேண்டும் என்பது. எல்லோரும் பின்வாங்கி மதில் எழுப்புவது இதனால் இயலாமற் போயிற்று. 2011இல் பதினான்கு புள்ளிகள் பிறந்த அதே மைதானத்தில் 2025 இறுதிப் போட்டியில் நாற்பத்தெட்டு புள்ளிகள் பிறந்தன. அந்த இறுதிப் போட்டியிலும் டொனகலின் பயிற்சியாளர் மெக்கின்னஸ்தான். பழைய முறைக்கு வழிகாட்டியவர் புதிய விதிகளில் ஓர் அணியை இறுதிவரை கொண்டுவந்ததை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன்.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தவறிழைக்கப்பட்ட வீரர் நின்று உதைக்கக் காத்திராமல், உடனே ஒரு சோலோ செய்துவிட்டு ஓடத் தொடங்கலாம். நடுவரோடு வாதாடினால் உதைக்கும் இடம் ஐம்பது மீட்டர் முன்னே நகர்த்தப்படும். ஆட்டம் தொடங்கும்போது அணிக்கு ஒருவர் மட்டுமே நடுவில் நின்று, நடுவர் மேலே எறியும் பந்துக்குத் தாவுவார்கள். நேரத்தை நடுவர் தன் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்வதற்குப் பதிலாக, எல்லோருக்கும் தெரியும் கடிகாரமும் ஒலிப்பானும் முடிவைச் சொல்லும். கட்டுரையின் தொடக்கத்தில் கெர்ரி பொறுமையாகக் காத்திருந்தது இந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான்.

4. கிக்அவுட் எங்கே விழுகிறது என்று பாருங்கள்

இக்கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துச் செல்வதானால் இந்தப் பகுதியை எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு முறை பந்து கம்பங்களைக் கடந்தோ வெளியேயோ போன பிறகும், கோல்கீப்பர் தன் இருபது மீட்டர் கோட்டிலிருந்து அதை மீண்டும் ஆட்டத்துக்குள் உதைக்க வேண்டும். இதற்குக் கிக்அவுட் என்று பெயர். முன்பெல்லாம் பக்கத்தில் நிற்கும் தன் அணி வீரருக்கு ஒரு சிறு உதை கொடுத்து ஆட்டத்தைப் பத்திரமாகத் தொடங்கிவிடுவார்கள். புதிய விதிப்படி அந்தப் பந்து நாற்பது மீட்டர் வளைவைத் தாண்டியே ஆக வேண்டும். ஆகவே ஏறக்குறைய ஒவ்வொரு கிக்அவுட்டும் நடுக்களத்தில் உயரமானவர்கள் தாவிப் பிடிக்கப் போராடும் ஒரு பந்தயமாகிவிட்டது. வளைவுக்கு அப்பால் பந்தைச் சுத்தமாகப் பிடித்தவருக்கு, யாரும் தடுக்காமல் உதைக்கும் உரிமையும் உண்டு.

இதன் விளைவு பெரியது. புள்ளி எடுத்த அணியே அடுத்த கிக்அவுட்டையும் கைப்பற்றினால், எதிரணி பந்தைத் தொடாமலேயே மீண்டும் ஒரு புள்ளி போகும். அதற்கடுத்த கிக்அவுட்டில் கோல்கீப்பரின் கால் சற்று நடுங்கும். இப்படி ஓர் அணி பத்து நிமிடங்களில் ஆட்டத்தையே இழந்துவிடும். 2025 ஜூன் 29 அன்று நடந்த காலிறுதியில் நடப்பு வாகையரான ஆர்மாவுக்கு இதுதான் நேர்ந்தது. முதல் பாதியில் கெர்ரிக்கு ஈடாக நின்ற அணி, இடைவேளைக்குப் பிறகு தன் கிக்அவுட்களைத் தொடர்ந்து பறிகொடுத்தது. கெர்ரி பதில் இல்லாமல் பதினான்கு புள்ளிகளை அடுக்கிவிட்டது. முடிவு கெர்ரி 0-32, ஆர்மா 1-21. கெர்ரி ஒரு கோல்கூட அடிக்காமல் எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் வென்றது என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே ஒரு தாளை எடுத்து நடுவில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கிக்அவுட்டையும் யார் கைப்பற்றினார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். இருபது நிமிடம் ஆனதும் அந்தத் தாள், பலகை சொல்லாத பலவற்றை உங்களுக்குச் சொல்லும். வர்ணனையாளர்கள் புள்ளியைக் கொண்டாடிக்கொண்டிருக்கும் அந்தச் சில விநாடிகளில், கோல்கீப்பர் பந்தை வைக்கும்போது நடுக்களத்தில் யார் யாரை நோக்கி ஓடுகிறார்கள், யார் தன் கூட்டாளிக்கு இடம் உண்டாக்கித் தருகிறார்கள் என்பதுதான் ஆட்டத்தின் உயிர்நாடி. தொலைக்காட்சி அந்த நேரத்தில் பெரும்பாலும் முந்தைய புள்ளியின் மறுகாட்சியையே காட்டிக்கொண்டிருக்கும். மைதானத்துக்கு நேரில் போய்ப் பார்ப்பதன் முதற்பயன் இந்த விநாடிகளைத் தவறவிடாமல் இருப்பதே.

5. ஒரு கவுண்டியைத் தேர்ந்துகொள்ளுங்கள்

கேலிக் கால்பந்தில் ஊதியம் கிடையாது. எண்பத்தீராயிரம் பேர் அமரும் மைதானத்தில் இறுதிப் போட்டி ஆடியவர்கள் மறுவாரம் வேலைக்குத் திரும்புகிறார்கள். டேவிட் கிளிஃபர்ட் பள்ளி ஆசிரியர். வீரர்கள் பொதுவாகத் தாங்கள் வளர்ந்த ஊரின் கிளப்புக்கும், அந்த கிளப் இருக்கும் கவுண்டிக்கும்தான் ஆடுவார்கள். பணம் கொடுத்து ஆளை வாங்கும் வழக்கம் இல்லை. கிளிஃபர்டும் அவர் அண்ணன் பாடியும் 2022 ஜூலையில் கெர்ரிக்காக அகில அயர்லாந்துப் பட்டம் வென்றார்கள்; அடுத்த ஜனவரியில் தங்கள் சிற்றூரான ஃபோசாவின் கிளப்புக்காக, கடைசி நிலை கிளப்புகளுக்கான அகில அயர்லாந்துக் கோப்பையையும் வென்றார்கள். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஊர்க் கிளப்பின் சட்டையில் குளிர்காலச் சேற்றில் ஆடியதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் நிறைகிறது.

இதனால்தான் ஒரு கவுண்டியோடு ஒட்டிக்கொள்ளாமல் இந்த ஆட்டத்தின் சுவையை முழுவதும் அறிய முடியாது. வெற்றியே வேண்டுமென்றால் கெர்ரி, முப்பத்தொன்பது பட்டங்கள். அடுத்தது முப்பத்தொன்று வென்ற டப்ளின், 2015 முதல் 2020 வரை இடைவிடாமல் ஆறு ஆண்டுகள் கோப்பையைத் தன்னிடமே வைத்திருந்த அணி. துயரத்தைத் தாங்கும் மனம் உள்ளவர்களுக்கு மேயோ இருக்கிறது. 1951க்குப் பிறகு அது கோப்பையை வென்றதில்லை. 1989 முதல் 2021 வரை பதினொரு இறுதிப் போட்டிகளில் தோற்றிருக்கிறது. இருந்தும் ஒவ்வொரு கோடையிலும் அதன் பச்சை-சிவப்புச் சட்டைகள் வந்து நிரம்புவதைப் பார்த்தால், அந்த ரசிகர்களை வணங்கத் தோன்றும்.

என் மனத்துக்கு நெருக்கமான கதை லவுத் கவுண்டியுடையது. பரப்பளவில் அயர்லாந்தின் ஆகச் சிறிய கவுண்டி அது. 1957இல் லென்ஸ்டர் மாகாணப் பட்டத்தையும் அகில அயர்லாந்துப் பட்டத்தையும் வென்ற பிறகு அறுபத்தெட்டு ஆண்டுகள் மாகாணப் பட்டம்கூட அதன் கைக்கு எட்டவில்லை. 2010 மாகாண இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்களில் மீத் அணிக்கு வழங்கப்பட்ட ஒரு கோல், செல்லாத கோல் என்று பின்னர் எல்லோராலும் ஒப்புக்கொள்ளப்பட்டும், முடிவு மாறவில்லை. 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இறுதிக்கு வந்து டப்ளினிடம் தோற்றார்கள். 2025 மே 11 அன்று, அதே மீத் அணிக்கு எதிராக, 3-14, 1-18 என்று வென்றார்கள். இரண்டாவது எண்களை மட்டும் பார்த்தால் மீத்தான் முன்னே நிற்கிறது; மூன்று கோல்கள்தான் லவுத்தைக் காப்பாற்றின. ஆட்டம் முடிந்ததும் க்ரோக் பார்க்கின் புல்வெளிக்குள் இறங்கிய சிவப்புச் சட்டைக் கூட்டத்தில், பேரப்பிள்ளையின் தோளைப் பற்றிக்கொண்டு அழுத முதியவர்களையும் பார்க்க முடிந்தது.

6. ஆண்டு எப்படி நகர்கிறது

ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை தேசிய லீக் நடக்கும். நான்கு பிரிவுகள், ஏற்றமும் இறக்கமும் உண்டு. அதன்பின் அல்ஸ்டர், மன்ஸ்டர், லென்ஸ்டர், கொனக்ட் ஆகிய நான்கு மாகாணங்களின் போட்டிகள். லண்டன், நியூயார்க் அணிகளும் கொனக்டில் ஆடுகின்றன. புலம்பெயர்ந்த அயர்லாந்து மக்களின் வரலாறு அதில் இருக்கிறது. பிறகு அகில அயர்லாந்துப் போட்டி, ஜூலை இறுதியில் அதன் இறுதிப் போட்டி. முன்பு செப்டம்பரில் நடந்துவந்த இறுதிப் போட்டி, ஆண்டின் பிற்பகுதியைக் கிளப் ஆட்டங்களுக்கு விட்டுக்கொடுப்பதற்காக 2022 முதல் ஜூலைக்கு மாறியது. 2023 முதல் 2025 வரை இருந்த நான்கு குழுக்கள் முறை 2026 முதல் கைவிடப்பட்டு, ஒருமுறை தோற்றவர்களுக்கும் இன்னொரு வாய்ப்புத் தரும் சுற்றுகளாக மாற்றப்பட்டது. அடுத்த நிலை அணிகளுக்கு டெயில்டன் கோப்பை 2022 முதல் நடந்துவருகிறது.

கோப்பையின் பெயர் சாம் மகுவயர் கோப்பை. ரசிகர்கள் அதைச் 'சாம்' என்றே சொல்வார்கள். "இந்த ஆண்டு சாம் எங்கே போகும்?" என்று கேட்டால் ஆளைப் பற்றியல்ல, கோப்பையைப் பற்றித்தான் பேச்சு.

லீக் முடிவுகளையோ நடுச்சுற்று முடிவுகளையோ வைத்து அவசரமாகத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 2025 ஜூனில் மீத் அணி கெர்ரியை ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தது. அதே மீத் ஜூலை அரையிறுதியில் டொனகலிடம் 3-26, 0-15 என்று இருபது புள்ளிகளில் வீழ்ந்தது. அந்த டொனகலைக் கெர்ரி இறுதியில் பத்துப் புள்ளிகளில் வென்றது.

7. எந்த ஆட்டங்களிலிருந்து தொடங்கலாம்

பழைய ஆட்டங்களின் பதிவுகளும் சுருக்கங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. முதலில் 2024 இறுதிப் போட்டியைப் பாருங்கள்: ஆர்மா 1-11, கால்வே 0-13. பழைய விதிகளில் நடந்த கடைசி இறுதிப் போட்டி இது. ஆரன் மெக்கே அடித்த ஒரே கோலும், இறுதி விநாடிகள்வரை நீண்ட ஒரு புள்ளி முன்னிலையும் ஆர்மாவுக்கு இரண்டாவது பட்டத்தைத் தந்தன. 2002இல் முதல் பட்டம் வென்ற அணியின் தலைவரான கீரன் மெக்கீனிதான் 2024இல் பயிற்சியாளர். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் பெனால்டி உதைகளில் மட்டுமே வெளியேறிய அணி அது என்பதை அறிந்து பார்த்தால், கடைசி ஒலியின்போது அவர் முகத்தில் தெரிந்தது என்னவென்று புரியும். பந்து எத்தனை முறை பின்னோக்கிப் போகிறது என்பதையும் இந்த ஆட்டத்தில் கவனித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 2025 மே மாதம் க்ளோன்ஸ் ஊரில் நடந்த அல்ஸ்டர் இறுதிப் போட்டி. கூடுதல் நேரத்துக்குப் பிறகு டொனகல் 2-23, ஆர்மா 0-28. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். விதி மாற்றம் என்ன செய்தது என்பதை இவ்விரு ஆட்டங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் யாரும் விளக்காமலே உணர்வார். ஓய்வு பெற்றுவிட்டுத் திரும்பி வந்த மைக்கேல் மர்ஃபி டொனகலுக்காக ஆடும் விதத்தையும் அதில் பார்க்கலாம். பிறகு நான் மேலே எழுதிய காலிறுதியின் இரண்டாம் பாதி. தாளும் பேனாவும் இங்கேதான் தேவைப்படும். இறுதிப் போட்டியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

8. நேரில் போனால், திரையில் பார்த்தால்

டப்ளினில் இருப்பவர்கள் கோடையில் ஒருமுறையேனும் க்ரோக் பார்க்குக்குப் போக வேண்டும். எதிரெதிர் அணி ரசிகர்களைப் பிரித்து உட்காரவைக்கும் வழக்கம் அங்கே இல்லை. உங்கள் வலப்பக்கத்தில் கெர்ரி குடும்பமும் இடப்பக்கத்தில் டொனகல் குடும்பமும் அமர்ந்து, இடைவேளையில் சாண்ட்விச்சைப் பகிர்ந்துகொள்வார்கள். நின்று பார்க்கும் மேடான பகுதிக்கு ஹில் 16 என்று பெயர்; டப்ளின் ஆடும்போது அது வான்நீலமாக மாறிவிடும். ஆட்டத்தை முழுவதுமாகப் பார்க்க விரும்பும் புதியவர் மேல் அடுக்கில் இடம் எடுப்பது நல்லது. அங்கிருந்துதான் கிக்அவுட்டுக்கு முன் நடக்கும் நகர்வுகள் தெளிவாகத் தெரியும். இறுதிப் போட்டியென்றால் அரைமணி நேரம் முன்னதாகவே அமர்ந்துவிடுங்கள்; ஆர்டேன் இசைக்குழுவின் பின்னே இரு அணிகளும் மைதானத்தைச் சுற்றி அணிவகுத்து வருவதைத் தவறவிடக் கூடாது.

மைதானத்தின் ஒரு பக்கத்துக்கு ஹோகன் ஸ்டாண்ட் என்று பெயர். 1920 நவம்பர் 21 அன்று இதே இடத்தில் டப்ளினும் டிப்பரரியும் ஆடிக்கொண்டிருந்தபோது பிரித்தானியப் படையினர் கூட்டத்தின்மீது சுட்டதில் பதினான்கு பேர் இறந்தார்கள். டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகன் அவர்களில் ஒருவர். வெற்றி பெற்ற அணியின் தலைவர் கோப்பையை வாங்குவது அந்த ஸ்டாண்டின் படிகளில் ஏறித்தான். 1884இல் கேலிக் விளையாட்டுக் கழகம் தொடங்கப்பட்டதிலிருந்தே இந்த ஆட்டம் அயர்லாந்து மக்களின் அடையாளத்தோடு பிணைந்தது என்பதை, அந்தப் பெயரைப் படிக்கும்போது உணர்வீர்கள்.

அயர்லாந்துக்கு வெளியே இருப்பவர்கள் கேலிக் விளையாட்டுக் கழகத்தின் ஜிஏஏ பிளஸ் (GAA+) என்ற இணைய ஒளிபரப்பில் சந்தா செலுத்திப் பார்க்கலாம். நேர வேறுபாடு நமக்குச் சாதகமானது. கோடையில் இந்தியாவும் இலங்கையும் அயர்லாந்தைவிட நான்கரை மணி நேரம் முன்னே இருக்கின்றன. 2025 இறுதிப் போட்டி அங்கே பிற்பகல் மூன்றரைக்குத் தொடங்கியபோது இங்கே இரவு எட்டு மணி. லீக் நடக்கும் குளிர்காலத்தில், மார்ச் கடைசி ஞாயிறுவரை, வேறுபாடு ஐந்தரை மணி நேரம். அங்கே இரண்டு மணி ஆட்டம் இங்கே ஏழரைக்கு.

திரையில் பார்ப்பவர்கள் முதல் பதினைந்து நிமிடங்களைப் பந்தின் பின்னாலேயே செலவிடட்டும்; அது இயல்பானது. அதன்பின் பந்தை விட்டுவிட்டு, தாக்கும் அணியின் பதினான்காம் எண் வீரரை மட்டும் ஐந்து நிமிடம் தொடர்ந்து பாருங்கள். கோலுக்கு மிக அருகில் ஆடும் முன்கள வீரர் அவர். தன்னைக் காப்பவரை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய், சட்டென்று திரும்பி மறுபக்கம் ஓடுவார்; பெரும்பாலும் பந்து அவரிடம் வரவே வராது. ஆறாவது முறையோ ஏழாவது முறையோ வரும். அந்த ஒரு முறை பச்சைக் கொடி உயர்ந்தால், முந்தைய ஆறு ஓட்டங்களும் எதற்காக என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், அருகில் அமர்ந்து பார்ப்பவருக்கு அதை விளக்கவும் உங்களால் முடியும்.